இல்லாமற்போன ஒரு வகுப்பு

பொங்கல் விடுமுறைக்குச் செம்பட்டி வீட்டுக்குப் போயிருந்தபோது, பரணில் கிடந்த தகரப்பெட்டியை அக்காள் மகள் இறக்கிவைத்தாள். அவள் தாவரவியல் இளங்கலை இரண்டாமாண்டு படிக்கிறாள். பெட்டிக்குள் என்னுடைய பள்ளிக்காலச் சான்றிதழ்கள், அம்மாவின் பழைய ரேஷன் அட்டை, இரண்டு பித்தளைப் பூட்டுகள், இவற்றோடு நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றும் இருந்தது. பதினொன்றாம் வகுப்புத் தாவரவியல் நோட்டு. 1996ஆம் ஆண்டினுடையது. அவள் தரையில் அமர்ந்து பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"மாமா, இது நீங்க வரைஞ்சதா?"

ஆமாம் என்றேன். அல்புகோவின் வாழ்க்கைச் சுழற்சி. கடுகு, முள்ளங்கி இலைகளில் வெண்துரு நோயை உண்டாக்கும் உயிரி. பென்சிலால் வரைந்து, நீல மையால் பாகங்களைக் குறித்திருந்தேன். மேலே கொட்டை எழுத்தில் 'வகுப்பு: ஃபைக்கோமைசீட்டிஸ் (கீழ்நிலைப் பூஞ்சைகள்)' என்று தலைப்பு.

"படம் நல்லா இருக்கு. ஆனா இப்படி ஒரு வகுப்பே இப்ப கிடையாது மாமா."

அவள் பள்ளியில் படித்த பாடநூலில் அந்தப் பெயர் பழைய பாகுபாடு என்ற அளவில் ஒரு வரியில் வந்து போனதாம். கல்லூரியில் அதுவும் இல்லை. சொல்லிவிட்டு அவள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் அங்கிருந்து நகர முடியவில்லை. தமிழ் முதுகலை படித்து இருபதாண்டுகளாகத் தமிழ் நடத்துகிற எனக்கு அந்த வகுப்பின் மீது தனியாக ஒரு கணக்கு உண்டு. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

அந்த வகுப்பு எதைச் சொல்லியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபைக்கோமைசீட்டிஸ் என்ற கிரேக்கச் சொற்கூட்டுக்குப் 'பாசிப்பூஞ்சைகள்' என்று பொருள். பூஞ்சையின் உடல் நூல் நூலாக ஆனது. அந்த நூலுக்கு ஹைஃபா என்று பெயர். உயர்நிலைப் பூஞ்சைகள் எனப்பட்டவற்றில் அந்த நூல் மூங்கிலைப் போல் கணுக்கணுவாகக் குறுக்குச்சுவர் கொண்டிருக்கும். பாசிப்பூஞ்சைகளில் குறுக்குச்சுவர் இல்லை. ஒரே நீண்ட குழாய். அதற்குள் எண்ணற்ற உட்கருக்கள் மிதந்துகொண்டிருக்கும். நீர்ப்பாசிகளில் வவுச்சேரியா என்றொன்று இதே போன்ற குழாயுடல் கொண்டது. அதிலிருந்து பச்சையத்தை நீக்கிவிட்டால் இந்தப் பூஞ்சைதான் என்று 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறிஞர்கள் எண்ணினார்கள். உருளைக்கிழங்குக் கருகல் நோயின் உயிரிக்கு 1876இல் 'தாவரக்கொல்லி' என்று பொருள்படும் ஃபைட்டோப்தோரா என்ற பெயரைத் தந்த ஆன்டன் டி பாரி அவர்களுள் தலையாயவர். பாசி பச்சையத்தை இழந்து பூஞ்சையாயிற்று. கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்குப் படியேறிற்று. கதை தெளிவாகவும் அழகாகவும் இருந்தது. ஏறத்தாழ நூறாண்டுகள் அது பாடப்புத்தகங்களில் நிலைத்தது.

இவை பெருகும் விதம்தான் பள்ளியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாலிலா இனப்பெருக்கம், பாலினப் பெருக்கம் என்று இரண்டு வழி. உணவும் ஈரமும் நிறைவாக இருக்கும்போது நூலின் நுனி பருத்துப் பையாகும். அந்த வித்தகப்பைக்குள் உள்ளவை துண்டுதுண்டாகப் பிரிந்து வித்துகளாகும். ரொட்டியில் பூக்கும் ரைசோபஸ் போன்றவற்றில் அந்த வித்துகள் அசையாதவை. பை வெடிக்கும், காற்று எடுத்துச் செல்லும். அல்புகோ, பித்தியம் போன்றவற்றிலோ வித்துகளுக்குக் கசையிழைகள் உண்டு. அவை நீந்தும். இலை மேல் நிற்கும் ஒரு துளி பனிநீர் அவற்றுக்குக் குளம்.

காலம் கெடும்போதுதான் பாலினப் பெருக்கம். ரைசோபஸில் இரண்டு நூல்கள் ஒன்றையொன்று நோக்கி வளர்ந்து, நுனிகள் தொட்டு, இடையே இருந்த சுவர் கரைந்து, இரண்டும் ஒன்றாகிக் கறுத்துத் தடித்த தோல் கொண்ட சைகோஸ்போர் ஆகும். எந்த இரண்டு நூலும் இணைந்துவிடாது. 1904இல் அமெரிக்கரான பிளேக்ஸ்லீ, தோற்றத்தில் வேறுபாடே இல்லாத இந்த நூல்களில் இருவகை உண்டென்றும், மாற்று வகை கிடைத்தால்தான் பல இனங்கள் இணையும் என்றும் காட்டினார். ஆண், பெண் என்று சொல்ல இடமில்லாததால் கூட்டல், கழித்தல் என்று பெயரிட்டார். அல்புகோ வகையில் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் உருவத்திலேயே வேறானவை. பெண்ணுறுப்பு உருண்டை, உள்ளே முட்டை. ஆணுறுப்பு அதன் பக்கத்தில் ஒட்டி, ஒரு குழாயை உள்ளே செலுத்தும். விளைவது ஊஸ்போர். சருகிலும் மண்ணிலும் அது பலகாலம் உறங்கிக் கிடக்கும்.

இதையெல்லாம் படித்தபோது வகுப்பில் தமிழாசிரியர் புறநானூறு நடத்திக்கொண்டிருந்தார். குமணனைப் பாடிய பெருந்தலைச்சாத்தனார், சமைத்தலை மறந்த தன் வீட்டு அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதாகச் சொல்வார். ஆம்பி என்றால் காளான். அங்கே வரும் வினை 'பூத்தல்'. இன்றும் எங்கள் ஊரில் ஊறுகாய் கெட்டால் 'பூஞ்சணம் பூத்துருச்சு' என்றுதான் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரிவது இனப்பெருக்க உறுப்பு மட்டுமே, உடல் உள்ளே ஒளிந்திருக்கிறது என்று தெரியாமலேயே பேச்சுவழக்கு சரியான வினையைத் தேர்ந்துகொண்டிருக்கிறது. பூவும் இனப்பெருக்க உறுப்புத்தானே.

இனி என் கணக்கு.

செம்பட்டி பெரிய ஊரன்று. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டுக்குப் போகும் சாலையும், நிலக்கோட்டையிலிருந்து ஒட்டன்சத்திரம் போகும் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் என்பதால் பெயர் தெரிந்த ஊர். பேருந்து மாறுகிறவர்கள் டீ குடிக்கும் ஊர். மேற்கே கொடைக்கானல் மலை சுவராக நிற்கும். சிறுமலை அடிவாரத்து வெள்ளோடு, ஜாதிக்கவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்கள் உண்டு. அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த அப்பா, கிணற்றை ஒட்டிய ஒன்றரை ஏக்கரில் பன்னீர்த் திராட்சை போடுவதென்று முடிவு செய்தார். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் பந்தல் போட அம்மாவின் சங்கிலி போயிற்று. மூன்றாவது வருடம் பந்தல் நிறையக் கொடி படர்ந்தது. அந்த வருடம்தான் நான் பதினொன்றாம் வகுப்பு.

ஐப்பசியில் மழை விட்டு விட்டுப் பெய்தது. பெருமழை இல்லை, நனைத்துவிட்டுப் போகும் மழை. காலையில் பந்தலுக்கடியில் நின்றால் மூக்கில் ஈரம் ஏறும். ஒருநாள் அப்பா ஓர் இலையைப் பறித்துவந்து நான் படித்துக்கொண்டிருந்த பாயில் வைத்தார். மேற்புறம் எண்ணெய் சொட்டியதைப் போல் மஞ்சள் திட்டுகள். திருப்பினால், அதே இடங்களில் வெள்ளையாக, மாவு தூவியதைப் போல், மிருதுவான பூப்பு.

"படிக்கிறியே, இது என்னான்னு உம் புத்தகத்துல போட்டிருக்காப்பா?"

நான் இலையைப் பார்த்தேன். மடியில் இருந்த நோட்டில் அல்புகோவின் படம் பாதி முடிந்திருந்தது. "இல்லப்பா, இதெல்லாம் பாடத்துல இல்ல" என்றேன்.

பொய் சொல்லவில்லை. திராட்சை என்ற சொல் அந்தப் பாடத்தில் உண்மையிலேயே இல்லை. ஆனால் அப்பா கையில் இருந்தது பிளாஸ்மோபாரா விட்டிகோலா. அல்புகோவின் நெருங்கிய உறவு. நான் வரைந்துகொண்டிருந்த அத்தனை பாகமும், பையும் நீந்தும் வித்தும் முட்டையும், அந்த இலைக்கு அடியில் இருந்தன. மனப்பாடப் பகுதியாக இருந்த ஒன்று எதிரில் வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. இத்தனை வருடங்களில் பல மாணவர்களை 'பாடலைப் பொருளறியாமல் ஒப்பிக்கிறாய்' என்று கடிந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த இலை நினைவுக்கு வந்துவிடும். அதனால் பாதியில் நிறுத்திக்கொள்வேன்.

அப்பா இலையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரர் பூஞ்சாணம் என்றார். பூஞ்சாணக்கொல்லி கொடுத்தார். கார்பென்டாசிம். பொட்டலத்திலும் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. மழைக்காலத் திராட்சையில் இலைப்புள்ளி நோயும் வரும்; அதற்கு அந்த மருந்து கேட்கும். ஆகவே அவரைக் குறை சொல்ல முடியாது. பூஞ்சாணத்துக்குப் பூஞ்சாணக்கொல்லி. சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் இருந்தது. அப்பா கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருமுறை அடித்தார். நிற்கவில்லை. அளவைக் கூட்டி மறுமுறை அடித்தார். மஞ்சள் பழுப்பாகி இலை உதிர்ந்தது. பிஞ்சுக் கொத்துகளிலும் வெள்ளை ஏறியது. மூன்றாம் முறைக்குக் கடன்.

கம்பத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த தாத்தா ஒருவர்தான் நிறுத்தினார். நாற்பது வருடம் திராட்சையோடு கிடந்தவர். இலையின் மேற்புறத்தைப் பார்க்கவேயில்லை. திருப்பிப் பார்த்துவிட்டு, "அடிச்சாம்பல். இதுக்கு அது கேக்காதுய்யா. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடி" என்றார். அவரே கலந்து காட்டினார். ஒரு கிலோ மயில்துத்தம் ஐம்பது லிட்டர் நீரில். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீர்த்து ஐம்பது லிட்டரில். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளிகளில் மொண்டு ஒரே நேரத்தில் மூன்றாவது பீப்பாயில் ஊற்றச் சொன்னார். இரும்புப் பாத்திரம் கூடாது. கலந்தபின் தீட்டிய அரிவாள் நுனியைச் சற்று நேரம் முக்கி எடுத்தார். நுனியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இலை கருகும், சுண்ணாம்பு சேர்க்கவேண்டும். அரிவாள் வெள்ளையாகவே வந்தது. வான்நீலத்தில் ஒரு குழம்பு. அன்று மாலை பந்தலே நீலம் பூசியதைப் போல நின்றது.

பிரான்சின் போர்டோ வட்டாரத்தில் இதே நோய்க்கு 1885இல் பியர் மியர்தே என்ற பேராசிரியர் உலகறியச் செய்த கலவை அது என்பதைப் பின்னாளில் படித்தேன். சாலையோரக் கொடிகளில் திருடர்கள் பழம் பறிக்காதிருக்க விவசாயிகள் துத்தமும் சுண்ணாம்பும் தெளித்துவைக்க, அக்கொடிகளில் மட்டும் இலை உதிராததை அவர் கண்டார் என்பார்கள். எங்கள் பந்தலில் காலம் கடந்துவிட்டது. பிந்திய கொத்துகள் கொஞ்சம் மிஞ்சின. அடுத்த கோடையில் அப்பா கொடிகளை வெட்டிவிட்டுத் தென்னை வைத்தார். கல்தூண்களில் சில இன்னும் தோட்டத்து வேலியில் நிற்கின்றன.

கார்பென்டாசிம் ஏன் கேட்கவில்லை என்ற கேள்விக்கான விடை, அந்த வகுப்பு ஏன் கலைக்கப்பட்டது என்ற கேள்விக்கும் விடையாக இருந்தது.

நூலும் வித்தும் கண்ணுக்கு ஒத்திருந்ததால் ஒரே கூடையில் போட்டவற்றை, 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். பூஞ்சைகளின் செல்சுவர் கைட்டினால் ஆனது. நண்டின் ஓட்டிலும் வண்டின் சிறகுறையிலும் உள்ள பொருள். ஆனால் அல்புகோ, பித்தியம், பிளாஸ்மோபாரா, ஃபைட்டோப்தோரா ஆகியவற்றை உள்ளடக்கிய ஊமைசீட்டுகளின் சுவரில் பெரும்பாலும் செல்லுலோசும் அதன் உறவுப்பொருள்களும். பூஞ்சையின் செல்சவ்வில் எர்கோஸ்டீரால் இருக்கும். இவை அதைத் தயாரிப்பதே இல்லை. நீந்தும் வித்தைப் பார்த்தால் ஒரு கசையிழை மொழுமொழுவென்றும், மற்றொன்று இருபுறமும் மயிர் முளைத்து இறகைப் போலவும் இருக்கும். அந்த இறகுக் கசையிழை கடலோரப் பாறைகளில் ஒட்டிக்கிடக்கும் பழுப்புப் பாசியின் இனப்பெருக்கச் செல்களிலும் உண்டு. மரபணுக்களை ஒப்பிட்டபோது ஐயம் தீர்ந்தது. ஊமைசீட்டுகள் பூஞ்சைகளே அல்ல. பழுப்புப் பாசி, டயாட்டம் ஆகியவற்றின் சுற்றம். பூஞ்சையோ அவற்றைவிட விலங்குகளுக்கு, அதாவது நமக்கு, நெருக்கம்.

இனப்பெருக்கத்தைப் பற்றிய பாடத்திலும் ஒரு பிழை இருந்திருக்கிறது. பூஞ்சைகளைப் போலவே இவற்றிலும் உடல் ஒற்றைக் குரோமோசோம் தொகுதி கொண்டது, முட்டை கருவுற்று ஊஸ்போர் முளைக்கும்போதுதான் குன்றல் பிரிவு நிகழ்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1961இல் ஈவா சான்சம் பித்தியத்தின் ஆண், பெண் உறுப்புகளுக்குள்ளேயே குன்றல் பிரிவு நடப்பதைக் காட்டினார். அப்படியானால் உடல் இரட்டைத் தொகுதி கொண்டது, நம்மைப் போல. என் நோட்டுப் படத்தில் குன்றல் பிரிவை ஊஸ்போர் முளைக்கும் இடத்தில் அம்புக்குறியிட்டுக் காட்டியிருக்கிறேன். ஆசிரியர் அதற்குச் சிவப்பு மையில் சரி போட்டிருக்கிறார். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்தும் அந்தத் திருத்தம் எங்கள் வகுப்புக்கு வந்துசேரவில்லை.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது, பழையவர்கள் முழுதும் தவறவில்லை என்பது. பூஞ்சைகள் எல்லாம் பாசியிலிருந்து வந்தவை என்று பொதுவாகச் சொன்னது தவறு. ஆனால் வவுச்சேரியாவைக் காட்டி 'இதன் சாயல்' என்றார்களே, அந்த வவுச்சேரியா மஞ்சட்பச்சைப் பாசி. இன்றைய பாகுபாட்டில் ஊமைசீட்டுகள் இருக்கும் அதே பெருங்குலத்தில்தான் அதுவும் இருக்கிறது. சாயலைச் சரியாகக் கண்டவர்கள், அதைத் தேவைக்கு மேல் விரித்துவிட்டார்கள். உரையாசிரியர்களைப் படிக்கும்போது எனக்கு இத்தகைய அனுபவம் பலமுறை நேர்ந்திருக்கிறது. பாடலுக்கு உரை பொருந்தாது. ஆனால் அந்தப் பொருந்தாத உரைக்குள் வேறெங்கோ செல்லுபடியாகும் ஒரு நுட்பம் இருக்கும்.

'கீழ்நிலை' என்ற அடைமொழியில்தான் எனக்கு உடன்பாடில்லை. 1845இல் தொடங்கி அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்து, ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் சாகக் காரணமாயிருந்த ஃபைட்டோப்தோராவை எந்தப் படியில் வைத்துக் கீழ் என்கிறோம்?

ஆக, அப்பாவின் இலை. கார்பென்டாசிம் பூஞ்சையின் செல் பிரிவைத் தடுக்கும் மருந்து. பூஞ்சையில் அது சென்று ஒட்டும் புரதம் ஊமைசீட்டில் அதே வடிவில் இல்லை, ஆகவே ஒட்டாது. எர்கோஸ்டீரால் உற்பத்தியைத் தடுக்கும் மருந்துகளுக்கோ இங்கே தடுப்பதற்கு ஒன்றுமில்லை. செம்பு அப்படியன்று. நீர்த்துளியில் செம்பு அயனி கலந்திருந்தால் நீந்த வரும் வித்து அங்கேயே சாகும். நள்ளிரவின் ஈரத்தில் இலைத்துளைகள் வழியே காம்பு நீட்டிப் பைகளை விரித்து, விடியலில் அவற்றைக் காற்றில் விட்டு, வேறொரு இலையின் பனித்துளியில் வித்துகளை நீந்தவிட்டு, இலைத்துளையைக் கண்டதும் கசையிழையை உதறி ஒட்டிக்கொண்டு உள்ளே குழாய் செலுத்தும் உயிரி அது. அதன் வாழ்வில் காப்பில்லாத நேரம் அந்த நீச்சல்தான். கம்பத்துத் தாத்தாவுக்குக் கசையிழை தெரியாது. அந்த நேரம் தெரிந்திருந்தது.

இலையோடு போகிற விஷயமும் அன்று. பித்தியம் நாற்றங்காலில் தக்காளி, மிளகாய் நாற்றுகளைக் கழுத்தொடித்துச் சாய்க்கும் நாற்றழுகல் உயிரி. அதே குடும்பத்தில் பித்தியம் இன்சிடியோசம் என்றொன்று மனிதக் கண்ணின் கருவிழியைத் தாக்குகிறது. கண்ணில் தூசியோ சேற்றுநீரோ பட்ட உழவர்கள் பலரிடம் காணப்படுவது. நுண்ணோக்கியில் பூஞ்சை நூலைப் போலவே தெரிவதால், எர்கோஸ்டீராலைப் பற்றிச் செயல்படும் நாட்டாமைசினைச் சொட்டுவிட்டுப் பார்த்தும் கண் தெளியாமல் போவதுண்டு. ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை உள்ளிட்ட இடங்களில், பாக்டீரியாவுக்கு எதிரான லினசோலிட், அசித்ரோமைசின் ஆகியவற்றைக் கொண்டு இதற்கு மருத்துவம் செய்யத் தொடங்கினார்கள். பூஞ்சை அல்ல என்று பெயர் மாறியதால் காப்பாற்றப்பட்ட கண்கள் உண்டு. பாகுபாடு வெறும் பரீட்சைச் சமாசாரம் என்று நானும் ஒருகாலத்தில் சொல்லித்திரிந்தவன்.

பனைக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அன்றைய சென்னை மாகாணத்துக் கோதாவரி வட்டாரத்தில் பனைகள் குருத்தழுகிச் சாய்ந்தன. அரசின் பூஞ்சையியலாளராக இருந்த எட்வின் பட்லர் அந்த உயிரியை 1907இல் விவரித்து, பித்தியம் பால்மிவோரம் என்று பெயரிட்டார். பனையுண்ணி என்று பொருள். 1919இல் அவரே அதை ஃபைட்டோப்தோராவுக்கு மாற்றினார். நோய் கண்ட மரங்களின் தலையை வெட்டி எரிக்கும் வேலை கோதாவரி, கிருஷ்ணா மாவட்டங்களில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. பனையின் தலையை வெட்டுவதென்றால் மரத்தையே கொல்வதுதான். அதற்கு வேறு தளிர் கிடையாது. ஏறுகிறவர்களே ஏறித் தங்கள் மரத்தின் தலையைச் சீவி இறக்கியிருப்பார்கள்.

நான் 'மரம்' என்று எழுதிவிட்டேன். தொல்காப்பிய மரபியல்படி பனை மரமன்று. வைரம் உள்ளே இருப்பது மரம். வெளியே இருப்பது புல். பனையும் தெங்கும் மூங்கிலும் புல்லினம். இன்றைய தாவரவியலும் பனையை ஒருவித்திலையில் புல்லோடு சேர்த்துத்தான் வைக்கிறது. ஆக, மரமல்லாத ஒரு மரத்தைப் பூஞ்சையல்லாத ஒரு பூஞ்சை கொன்றிருக்கிறது. இந்த விசித்திரத்தை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். நான் அவர்களைக் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. தொல்காப்பியர் அந்தப் பாகுபாட்டைத் தம் கண்டுபிடிப்பாகச் சொல்வதில்லை. 'மொழிப' என்கிறார், சொல்லுவார்கள் என்று பொருள். இயலுக்கே மரபியல் என்று பெயர். பாகுபாடு என்பது பேசுவோரிடையே உள்ள ஏற்பாடு என்பதை அந்தச் சொல் மறைக்கவில்லை. தாவரவியல் நோட்டின் தலைப்பில் எனக்கு அப்படி ஒரு 'மொழிப' கிடைக்கவில்லை.

கலைக்கப்பட்ட வகுப்பின் மறுபாதி என்னாயிற்று? ஒற்றைக் கசையிழை கொண்ட கைட்ரிடுகள் மெய்யான பூஞ்சைகளாகவே நின்றுவிட்டன. ரைசோபஸும் மியூக்கரும் சைகோமைசீட்டுகள் என்ற பெயரில் கொஞ்சகாலம் இருந்தன; 2016இல் அந்தக் குழுவும் இரண்டாகப் பிரிந்தது. மருத்துவ நூல்களில் இவற்றால் வரும் நோய்க்கு முன்பு ஃபைக்கோமைகோசிஸ், பிறகு சைகோமைகோசிஸ், இப்போது மியூக்கர்மைகோசிஸ். 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில் தமிழ்நாட்டில் 'கரும்பூஞ்சை' என்று எல்லோர் வாயிலும் வந்தது இதுதான். பூஞ்சை கறுப்பல்ல, இரத்த ஓட்டம் தடைப்பட்டு இறந்த சதைதான் கறுப்பு. இவை மெய்யான பூஞ்சைகள் ஆகையால் எர்கோஸ்டீராலைப் பற்றும் ஆம்போடெரிசின் இவற்றுக்குக் கேட்கும். ஒரே தலைப்பின் கீழ் நான் அடுத்தடுத்த பக்கங்களில் வரைந்த இரண்டு உயிரிகளில் ஒன்றுக்குக் கேட்கும் மருந்து மற்றொன்றுக்குக் கேட்காது.

அன்று மாலை திண்ணையில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு எழுபத்தெட்டு வயது. காது கொஞ்சம் மந்தம், உரக்கச் சொல்லவேண்டியிருந்தது.

"அப்ப திராட்சைக்கு வந்தது பூஞ்சாணம் இல்லையா?"

"இல்லப்பா. கடல்பாசிக்குச் சொந்தம்."

"கடலுக்கும் செம்பட்டிக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றார். பிறகு சற்று நேரம் தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ அன்னைக்குப் புத்தகத்துல இல்லேன்னியே."

"இருந்துச்சுப்பா. எனக்குத்தான் தெரியல."

அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அக்காள் மகள் நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பிவைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு கணக்கு இருந்ததை நான் மறந்தே போயிருந்தேன். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியது. பூஞ்சாண மருந்து முதல் தடவை, இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை கடன், தெளிப்புக் கூலி, மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ. அவள் ஒவ்வொன்றாகத் தொகையோடு உரக்கப் படித்தாள். சுண்ணாம்பு வந்ததும் அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"சுண்ணாம்பு காசு குடுத்து வாங்கலம்மா. வெள்ளையடிச்சது போக வீட்ல கெடந்தது. தப்பா எழுதியிருக்கான். அத அடிச்சிரு."

அவள் பேனாவைத் தேடி உள்ளே போனாள்.